தூக்கிப் பிடித்த இமை

ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறது. மூச்சு இயந்திரம் அலுக்காமல் ஊதுகிறது. கெட்டுப்போன டின் மீனிலிருந்து வந்த கிருமி நஞ்சு நரம்பு நுனிகளுக்குள் புகுந்து, தசைகளுக்குச் சேதி அனுப்பும் புரதத்தை வெட்டிப்போட்டதில், ஆறு வாரமாக அவர் விரல்கூட அசையாமல் கிடக்கிறார். “புது நுனி முளைக்கணும்மா, கொஞ்சம் பொறுங்க. ஆனா நீங்க பேசுறதெல்லாம் அவருக்குக் கேக்கும்,” என்கிறாள் நர்ஸ். மனைவி, தானாகத் திறக்காத அவருடைய இமையைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, அந்தக் கண்ணுக்கு நேராகக் குனிகிறாள். “டின்னு உப்பியிருக்கு, தூக்கிப் போடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? இப்ப பதில் சொல்லுங்க பாப்போம்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது. தான் அழுவதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று விரலை எடுத்துவிடுகிறாள். இமை விழவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.