தண்ணீர் வசதியான இடம்

வாசலில் வந்து நின்ற இரண்டு பெண்களையும் பேசவே விடாமல் உள்ளே உட்காரவைத்து, வெங்காய அவல் தட்டை நீட்டினார், மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர் தத்தாராவ்.

“தண்ணி எப்படி வருதுங்க?” என்றாள் மூத்தவள் ரக்மாபாய்.

தத்தாராவ் சிரித்தார். வறண்ட மராத்வாடாவில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு முன்னால் கேட்பது இதைத்தானே!

“ஊருக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை, தாயி. நம்ம வீட்டுல எந்நேரமும் வரும்!” குழாயைத் திறந்து காட்டினார். “எங்க எருமையே தினம் ரெண்டு வேளை குளிக்குது.”

“அதெப்படி?”

தத்தாராவ் குரலைத் தாழ்த்தினார். “கீழ்வாடிக்குப் போற பைப்புல ஓட்டை போட்டு இழுத்துட்டேன். அந்தச் சனங்க மோட்டார் ரிப்பேர்னு நம்பிக்கிட்டு இருக்குதுங்க.”

“கெட்டிக்காரர்தான்.”

“உங்க பொண்ணு இங்க ஒரு குடம்கூடத் தூக்க வேண்டாம். எப்பப் பொண்ணு பார்க்க வரட்டும்?”

ரக்மாபாய் எழுந்துபோய்க் குழாயை மூடினாள்.

“நாங்க கீழ்வாடிங்க. மோட்டார் எப்ப சரியாகும்னு கேட்க வந்தோம். ஓட்டு கேட்டு வந்தப்ப பார்த்தது, அதான் எங்க முகம் மறந்துபோச்சு உங்களுக்கு.”

தத்தாராவ் அவசரமாகக் குழாயை மறைத்துக்கொண்டு நின்றார்.

“தண்ணியத்தான் எடுத்துக்கிட்டீங்க, தலைவரே. பொண்ணும் வேணுமா?”