கிடங்கு நிர்வாகம், காலை எட்டு மணி

"பயோடெக்னாலஜி படிக்கிற பொண்ணுக்குக் கிடங்கு நிர்வாகம் எதுக்கு?" என்று கேட்டார் அலமேலு.

வைஷ்ணவி மேசையைப் பார்த்தாள்.

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் இருந்த அந்தக் கல்லூரியில் முதல்தர மாணவர்களுக்கு ஆலோசகர் அலமேலு. அவர்கள் எந்தப் பாடம் எடுக்கலாம், எதை விடலாம், யாரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். பட்டியலில் இருந்த முப்பது பேரில், நான்கு செமஸ்டரும் 'ஃபோர் ஃப்ளாட்', அதாவது நான்குக்கு நான்கு புள்ளி வாங்கியவள் வைஷ்ணவி ஒருத்திதான். ஜப்பானில் ஒரு செமஸ்டர் படித்துவர அவள் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

காலையில்தான் பதிவு அலுவலகத்திலிருந்து கார்த்திகேசு புகாரோடு வந்து போயிருந்தார். அதைத்தான் அலமேலு இப்போது அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களை மாதிரி கெட்டிக்காரங்களுக்குத் திங்கட்கிழமையே பதிவைத் திறந்துவிடுறோம். மத்தவங்களுக்குப் புதன்கிழமை. நீ என்ன பண்றே? உனக்குச் சம்பந்தமே இல்லாத பாடத்துல, அதுவும் காலை எட்டு மணி வகுப்புல, முதல் ஆளா இடம் பிடிக்கிறே. வெள்ளிக்கிழமை விட்டுடறே. மூணு செமஸ்டரா இதே கதை."

"தப்புதான், மேடம்."

"தப்புன்னு தெரிஞ்சேவா? இடம் கிடைக்காம எத்தனை பேர் இந்தக் கதவைத் தட்டுறாங்க தெரியுமா?"

"தெரியும், மேடம்."

"ஜப்பான் போற லிஸ்ட்லருந்து உன் பேரை எடுக்க வேண்டியிருக்கும்."

"சரி, மேடம்."

பட்டென்று வந்தது பதில். அலமேலுவுக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்து டிஷ்யூ பெட்டியைக்கூட மேசை நடுவில் எடுத்து வைத்திருந்தார்.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"கார்த்திகேசு, வைஷ்ணவி விட்ட இடமெல்லாம் அப்புறம் யாருக்குப் போச்சு?"

"ஒரு நிமிஷம், மேடம்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "லோகன். அடுத்தது... இதுவும் லோகன். அட, மூணுமே லோகன்தான் லா! இவ விட்ட ரெண்டாவது நிமிஷமே எடுத்திருக்கான். பாயிண்டர் நாலுக்கு வெறும் ரெண்டு புள்ளி மூணு." அவர் குரலில் உற்சாகம் ஏறியது. "கேஸ் வேற மாதிரி போகுது, மேடம்."

அலமேலு போனை வைத்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இங்க பாரும்மா. இந்த வயசுல இதெல்லாம் வர்றதுதான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பையனுக்காக ஜப்பானை விடுவியா? அவனுக்கு உன்மேல உண்மையான அக்கறை இருந்தா, சொந்தமா இடம் பிடிச்சிருக்க மாட்டானா?"

வைஷ்ணவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அலமேலு டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அப்புறம்தான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் ஃபைல்ல முழுப் பேரைப் படிங்களேன்."

அலமேலு படித்தார். வைஷ்ணவி, தகப்பனார் பெயர் லோகன்.

இரண்டு வருடமாக அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண் நேராக மதிப்பெண்ணுக்குத்தான் போயிருந்தது.

"அப்பாவா?"

"போர்ட் கிள்ளான்ல கன்டெய்னர் லோரி ஓட்டுறார். ராத்திரி ஷிப்ட். காலை வகுப்புக்கு மட்டும்தான் வர முடியும். புதன்கிழமை நடுராத்திரி பதிவு திறக்கிற நேரம் ரோட்டுல இருப்பார். வீட்டுக்கு வந்து பாக்குறதுக்குள்ள எல்லாம் நிறைஞ்சிடும். அதான் நான் பிடிச்சு வெச்சுக்குவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் பாக்க மாட்டாங்க. அப்ப விட்டுட்டு, பக்கத்து ரூம்லருந்து 'இன்னொரு தடவை தட்டிப் பாருங்கப்பா'ன்னு கத்துவேன்."

"நீதான் விடுறேன்னு அவருக்குத் தெரியாதா?"

"ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் கோயில்ல தேங்காய் உடைச்சிட்டு வர்றார், மேடம்."

அலமேலுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உன்கூட ஒருநாள்கூட அவரைப் பார்த்ததில்லையே."

"காரிடார்ல எதிர்ல வந்தாக்கூட தெரியாத மாதிரி போயிடுவார். அவர் பாயிண்டர் என் பேரைக் கெடுத்துடுமாம்." அவள் சிரிப்பு நின்றிருந்தது. "நாற்பத்தெட்டு வயசுல இங்க லாஜிஸ்டிக்ஸ் படிக்கச் சேந்திருக்கார். இன்னும் ரெண்டு செமஸ்டர்தான். நான் ஜப்பான் போயிட்டா அவருக்கு யார் மேடம் இடம் பிடிப்பா?"

அலமேலு ஜப்பான் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீ செஞ்சது தப்பு. உன் அப்பாவுக்குக் கிடைச்ச இடம் இன்னொருத்தருக்குக் கிடைக்காமப் போச்சு. இனிமே செய்யாதே."

"அப்ப அப்பாவுக்கு..."

"அதை நான் பார்த்துக்கறேன். நீ முதல்ல போய் பாஸ்போர்ட் எடுக்கிற வழியைப் பாரு."

அவள் போனதும் மறுபடியும் போனை எடுத்தார்.

"கார்த்திகேசு, அந்த லோகன்..."

"ஒழுங்கு நடவடிக்கைக்கு எழுதிடட்டுமா, மேடம்?"

"அடுத்த செமஸ்டர்லருந்து அவரை என் பட்டியல்ல சேர்த்திடுங்க. திங்கட்கிழமையே பதியட்டும்."



"மேடம், உங்க பட்டியல் கெட்டிக்காரங்களுக்கு லா. இவன் ரெண்டு புள்ளி மூணு!"

"நாற்பத்தெட்டு வயசுல, விடிய விடிய லோரி ஓட்டிட்டு, வீட்டுக்குப் போய் தூங்காம எட்டு மணி வகுப்புல வந்து உக்காந்து வாங்கின ரெண்டு புள்ளி மூணு, கார்த்திகேசு. நீங்களும் நானும் அப்படிப் படிச்சிருந்தா எவ்வளவு வாங்கியிருப்போம்?"