திடீர் மரியாதை

“உங்கப்பா என்னை ‘நீங்க’ன்னு கூப்பிடுறாருடி. எனக்குப் பயமா இருக்கு.”

போனில் அம்மா இப்படிச் சொன்னதும் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அம்மாவின் குரல் நடுங்கியது. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்பா அச்சகத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயரானவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகின தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். “ஏய், எங்க தொலைஞ்ச?” என்றால் தெருக்கோடி வரை கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவுக்கு ‘ஏய்’தான் பேர்.

அந்த மனுஷன் இன்று வாசலுக்கே வந்து, “வாடா குட்டிம்மா, வழியெல்லாம் டிராபிக்கா?” என்று சிரித்தார். அம்மா காபி கொண்டுவந்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நீங்க உக்காருங்க.”

மகள் அசந்துபோனாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

சமையலறைக்குள் போனதும் மகள் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, கத்துறாரு கத்துறாருன்னு காலமெல்லாம் மூக்கைச் சிந்தின. இப்ப மனுஷன் தங்கமா மாறியிருக்காரு. அதுவும் குத்தமா?”

“ஃப்ரிட்ஜைத் தொறக்கக்கூட என்கிட்ட கேக்குறாருடி.”

“என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுக்கச் சொல்லு.”

“விளையாடாத. நேத்து வேணும்னே சமையல்ல உப்பே போடல. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாருன்னு பாத்தேன். ‘அருமையா இருக்குங்க’ன்னு சாப்பிட்டு முடிச்சிட்டாரு.”

“பெத்த மகளைக் கூப்பிட்டு இதையெல்லாம் புகாரா சொல்ற பாரு.”

“டாக்டர்கிட்ட காட்டலாம்டி. நான் கூப்பிட்டா, ‘உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்’ங்கறாரு. நீ கூப்பிட்டா வருவாரு.”

“டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? மரியாதை ஜாஸ்தியாயிடுச்சு, குறைக்க மாத்திரை குடுங்கன்னா?”

அம்மா கதவை லேசாகத் திறந்து, அவர் ஹாலில்தான் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள்.

வரும்போது வாசல் கதவோரம் பார்த்த தலையணையும் போர்வையும் மகளுக்கு ஞாபகம் வந்தது.

“ராத்திரி எங்க படுக்கிற?”

“வாசக்கதவுகிட்ட.”

“பாத்தியா. அவரு இறங்கி வந்தாலும் நீ இறங்கமாட்ட. இந்த வயசுல என்ன வீம்பு உனக்கு? அப்பா பாவம்மா.”

“வீம்பில்லடி...” அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. “ஒரே ஒரு தடவை, பழையபடி ‘ஏய்’னு கத்தச் சொல்லேன் அவரை.”

மகளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. திட்டு வாங்க ஏங்குகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தபடி, கைப்பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

“நான் வர்றேன்பா. அம்மா ஏதாவது புலம்பினா மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எப்பவும் இப்படியே இருங்க.”

அப்பா பாசமாக அவள் தலையைத் தடவினார். பிறகு, பின்னால் வந்து நின்ற அம்மாவிடம் திரும்பினார். அதே பணிவு, அதே சிரிப்பு.

“குட்டிம்மா கார்லயே நீங்களும் கிளம்பிடுங்கம்மா. இருட்டப்போவுது, உங்க வீட்டுக்காரர் தேடுவாரு.”