அரிசி மூட்டை

பாளையங்கோட்டையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்த எப்சி டீச்சர், தாணுமாலையனின் சைக்கிள் கடை முக்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். முழுப் பாரத்தையும் அதன்மேல் விட மனம் வரவில்லை. சேலைத் தலைப்பு கழுத்தில் ஒட்டுகிறது. தாணுமாலையன் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுகிறார். கோணிய ரிம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சரக்கென்று உரசுகிறது. ஒடிந்த கம்பிகள் மூன்றும் கிலுகிலுக்கின்றன. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

“இந்தத் தடவையும் அரிசி மூட்டைதானா டீச்சர்?”

“ஆமா அண்ணாச்சி. கேரியர்ல வச்சேன்.”

அவர் கேரியரைப் பார்க்கிறார். பெயிண்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பழையபடி மெல்லிய கம்பிக் கட்டை எடுத்துப் பிரிக்கிறார். அவை மினுங்குவதைப் பார்க்கும்போதே அவளுக்குக் கால் வலிக்கிறது; மறுபடி ஒடியும், மறுபடி தள்ள வேண்டும்.

“மூட்டை இல்ல அண்ணாச்சி,” என்கிறாள் தரையைப் பார்த்து. “நாந்தான். நூத்திப் பத்து கிலோ.”

அவர் கம்பிகளைத் திரும்பக் கட்டி வைக்கிறார். எழுந்துபோய், பால்கேன் கட்டுகிற சைக்கிளுக்குப் போடும் கனத்த சக்கரத்தை உருட்டிவந்து அவள் முன்னால் நிறுத்துகிறார்.

“இதப் போட்டுருதேன் டீச்சர். இனிமே மூட்டையும் வைக்கலாம்.”