இரண்டு ஸ்டார்

ஆன்லைன் வேலையில் ஹரீஷ் ஐந்தாம் படியில் தொடங்கியவன்; அப்போது புரோகிராம் எழுதினான். அதையெல்லாம் இயந்திரமே எழுதிக்கொள்ளத் தொடங்கியதும் மூன்றாம் படிக்கு இறங்கி, படங்களில் இருப்பது நாயா பூனையா என்று குறித்துக்கொண்டிருந்தான். இந்த வாரம் முதல் படி. படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனும் கையுறையும் மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் வீடுகளின் இயந்திரக் கைகளை இயக்கிப் பாத்திரம் தேய்க்கிறான். யார் வீடு என்று திரை சொல்லாது. தொட்டி மட்டும்தான் தெரியும்.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி தர்ஷினியிடம் புலம்பினான்.

"ஒரு வீட்டுல ரெண்டு ஸ்டார்தான் போட்டாங்க. கைப்பிடி உடைஞ்ச குக்கர், அடிப்பிடிச்ச பால் பாத்திரம். அரை மணி நேரம் தேச்சேன், முதுகே போச்சு. கொஞ்சம் தண்ணி ஊத்தி ஊற வெக்கக்கூடத் தெரியாத ஜனங்க."

தர்ஷினியின் கை தட்டிலேயே நின்றது. அவர்கள் சமையலறையிலும் அப்படி இரண்டு இயந்திரக் கைகள் உண்டு. ஆபீஸிலிருந்து வந்ததும் பால் பாத்திரத்தில் கறை முழுசாகப் போகாததைப் பார்த்துவிட்டு, எரிச்சலில் இரண்டு ஸ்டார் போட்டவள் அவள்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். அந்தத் தொட்டிப் பக்கம் அவன் ஒருநாளும் நின்றதில்லை.

"நாளைக்கு ஊற வெச்சிருப்பாங்க, விடுங்க" என்றாள்.

"அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றவன், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினான். கைப்பிடி உடைந்த குக்கரைச் சாய்த்துப் பிடித்து, அவள் அடியிலிருந்து வழித்துப் போட்டாள்.