பொறுத்துக்கொள்வது பற்றி ஏழாம் வகுப்புக்கு ஒரு பிரசங்கம்

"நாத்தம் கொடலப் புடுங்குது சார். பர்மாக்காரி நாப்பி கொண்டாந்துகீறா."

சொன்னவன் கலியன், கடைசி பெஞ்சு. மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவனைப் பார்த்து வகுப்பு மொத்தமும் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

நாப்பி என்பது மீனைப் புளிக்கவைத்து இடிக்கிற பர்மா விழுது. பூவம்மாளுக்கு இந்த வகுப்பு வைத்திருக்கும் பெயரும் அதுதான்.

பூவம்மாள் எழுந்தாள். அழவில்லை, திட்டவில்லை. புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து நான் வரல சார்."

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் முகாம் போட்ட பிறகு, அங்கிருந்து என் வகுப்புக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேர் இப்படித்தான் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. மிச்சம் இவள் ஒருத்தி. அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். கரும்பலகையில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் திருத்துகிற பெண். இவளையும் விட்டுவிட்டால், பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து வந்து தினமும் ரயில் பிடித்து நான் வேலைக்கு வருவதில் அர்த்தமே இல்லை.

"உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. வாசற்படி வரைக்கும் போய் நின்றாள்.

நின்றாளே, எனக்கு அது போதும். பேச ஆரம்பித்துவிட்டேன்.

பேச்சு எனக்கு வியாதி. பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரையை இழுத்து இழுத்துச் சிறப்பு விருந்தினரின் ரயிலைத் தவறவிட வைத்தவன் நான். அந்த விருந்தினர் அன்றைக்கு எங்கள் தலைமையாசிரியர் வீட்டில்தான் படுத்துக்கொண்டார். தலைமையாசிரியர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மேஜைக்கடியில் இருந்த டிபன் கேரியரைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன்.

முதலில் கலியனைப் பிடித்தேன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். போன வருஷம் வரை இதே வகுப்பு அவனைத்தான் மீன் நாற்றம் என்று ஓரமாக உட்காரவைத்தது. பூவம்மாள் வந்த பிறகுதான் அவனுக்கு விடுதலை. அந்தப் பட்டத்தை அவள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக மூக்கைப் பிடிக்கிறான், படவா. இதை அப்படியே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

எங்கே மூடினேன்?

"நம்மை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்கள் சாப்பாடு அப்படித்தான் இருக்கும். வாடை அடிக்கத்தான் செய்யும். பண்புள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்!"

சுத்தமான மேடைத் தமிழ். கடைசி வரி எனக்கே பிடித்துப்போய் இன்னொரு தரம் சொன்னேன்.

பூவம்மாளுக்குக் கண் கலங்கியிருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். கலியனைக்கூட அவள் அப்படி முறைக்கவில்லை.

விறுவிறுவென்று வந்தாள். டப்பாவை என் மேஜைமேல் வைத்துத் திறந்தாள்.

வெறும் சோறு. ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய்.

"நாப்பி கொண்டாறத எப்பவோ விட்டாச்சு சார். இவங்கதான் மோந்து பார்க்காம சொல்றாங்கன்னா, நீங்களும் பார்க்கல."

மூக்கிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வாடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கலியன்தான் மோப்பம் பிடித்தான். மீனோடு வளர்ந்த மூக்கு, இவ்வளவு நேரம் பொத்தி வைத்திருந்ததால் வேலை செய்யவில்லை. முன்னால் வந்தான், குனிந்தான், என் மேஜைக்கடியில் தலையை விட்டான்.

"சார், நெத்திலிக் கருவாடு சார். உங்க கேரியர்லருந்துதான் வருது."

காலையில் என் மனைவி செங்கம்மாள் அதை வதக்கியபோது வீடே மணத்தது. இன்னொரு கை அள்ளி வை என்று சொன்னவனே நான்தான். முதல் மணியிலிருந்து சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தவனும் நான்தான். என் கேரியரில் இருந்தால் அது மணம், அவள் டப்பாவில் இருந்தால் வாடை. சத்தியமாகச் சொல்கிறேன், பேசி முடிக்கிற வரைக்கும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

வேறு வழி? கேரியரை எடுத்து அவள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். முன் வரிசை அப்படியே பின்னால் சாய்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அவ்வளவுதான், ஓடு பறக்கிற சிரிப்பு. கலியன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தப்பு என்மேலதாம்மா" என்றேன். ரயிலைத் தவறவிட வைக்கிற வாய்க்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பூவம்மாள் சிரிக்கவில்லை. என்னையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தாள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். தோளிலிருந்த பையை இறக்கினாள். உட்கார்ந்தாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு.

புத்தகத்தை விரித்தவள் நிமிர்ந்து, இன்னும் சிரித்துக்கொண்டிருந்த வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். என் குரலிலேயே, என் மேடைத் தமிழிலேயே சொன்னாள்:

"நம்மை நம்பி ஆரணியிலிருந்து வந்தவர். அவர் சாப்பாடு அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்."