ராஜ வளை

நிறைமாத முயல் ஒன்று, வாடகை மூன்று கிழங்கு என்று பேசி, மேட்டிலிருந்த சாதா வளையைத் தனக்கென்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது. குட்டி போட ஈரமில்லாத இடம் வேண்டும், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தது.

வளைகளை வாடகைக்கு விடும் பெருச்சாளி பெரிய கும்பிடாகப் போட்டது.

"அதிர்ஷ்டம்னா உங்க அதிர்ஷ்டம்தான் தாயி! சாதா வளை வேற ஆளுக்குப் போயிடுச்சு. அதே விலைக்கு உங்களை ராஜ வளைக்கு உயர்த்தியாச்சு."

"எனக்கெதுக்குப்பா ராஜ வளை? சாதாவே போதும்."

"அட, கேளுங்க. நல்ல விசாலம். வானம் பார்த்த முகப்பு. உள்ளேயே ஓடுற தண்ணி."

முயலுக்கு வலி எடுத்துவிட்டது. மூன்று கிழங்கை நீட்டியது. பெருச்சாளி ஐந்து கேட்டது.

"மூணுன்னுதானே பேச்சு?"

"மூணு வளைக்கு. ரெண்டு மழைக்கு. முன்னாடியே சொன்னதுக்கு ஒண்ணு தள்ளுபடி. தள்ளுபடி போட்டுக் குடுத்ததுக்கு ஒண்ணு கூலி. அஞ்சு."

பிரசவத்துக்குப் பிறகு தின்ன வைத்திருந்த இரண்டையும் கொடுத்துவிட்டு முயல் ஓடியது. ராஜ வளையின் கூரை எப்போதோ இடிந்து விழுந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு குட்டிகள் பிறந்தன. ஒன்று தண்ணீரோடு போயிற்று. மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு முயல் மேட்டுக்கு வந்தது.

சாதா வளையில், காய்ந்த வைக்கோல்மேல், பெருச்சாளி படுத்துக் கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

"பாவி, அந்த ராஜ வளையில நீயே படுத்துக்கறதுதானே?"

பெருச்சாளி எழுந்திருக்கக்கூட இல்லை.

"நமக்கெல்லாம் அந்தத் தகுதி ஏது தாயி" என்றது.